ஈரம் உலரும் வழி: காந்த ஒத்ததிர்வு காட்டுவது

ஈரமான ஒரு பொருள் எவ்வளவு உலர்ந்தது என்று அறிவதற்கு மிகப் பழைய வழி எடை போடுவது. ஈரத்தோடு ஒரு முறை நிறுத்து, 105 டிகிரி செல்சியஸ் சூட்டடுப்பில் எடை மாறாத நிலை வரும்வரை வைத்து மறுபடியும் நிறுத்தால், இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசமே வெளியேறிய நீரின் அளவு. மண், மரம், செங்கல், காரை என எதற்கும் ஆய்வகங்கள் இன்றும் இதையே அடிப்படையாகக் கொள்கின்றன. தானியத்துக்குச் சூட்டளவு மாறும், கொள்கை மாறாது.

இந்த முறை தருவது மொத்தக் கணக்கு. உலரும்போது நேரும் சேதங்களோ மொத்தக் கணக்கால் நேர்வதில்லை. பச்சைச் செங்கல் சூளைக்குப் போகும் முன்பே வெடிப்பதும், அறுத்த பலகை முறுக்கிக்கொள்வதும், நெல்மணிக்குள் கீறல் விழுவதும், பழைய சுவரில் உப்பு பூத்துக் காரை உதிர்வதும் ஈரம் பொருளுக்குள் ஏறுக்குமாறாகப் பரவியிருப்பதன் விளைவுகள். மேற்பரப்பு காய்ந்து சுருங்கும்போது உட்புறம் ஈரமாகவே இருந்தால் இரண்டுக்கும் இடையே இழுவிசை உண்டாகிறது. பொருள் அதைத் தாங்காவிட்டால் பிளக்கிறது. ஆகவே எவ்வளவு நீர் என்பதோடு, அது எந்த ஆழத்தில் இருக்கிறது, எப்படிப் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வேண்டும். பொருளைத் துண்டு துண்டாக அறுத்து ஒவ்வொரு துண்டையும் நிறுத்துப் பார்க்கலாம். ஆனால் அறுத்த பொருள் மேற்கொண்டு உலர்வதைத் தொடர முடியாது. பொருளைத் தொடாமல், வெட்டாமல், உலர்ந்துகொண்டிருக்கும்போதே இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து விடை தரும் முறை காந்த ஒத்ததிர்வு. மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று அறியப்படும் கருவிக்கு அடிப்படையான அதே இயற்பியல் நிகழ்வுதான் இது.

நீர் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஹைட்ரஜனின் கருவான புரோட்டான் ஒரு நுண்ணிய காந்தம். வலுவான காந்தப் புலத்தில் வைத்தால், அதன் அச்சு புலத்தின் திசையைச் சுற்றிப் பம்பரத்தின் தலை சுற்றுவதுபோல் சுற்றும். அந்தச் சுற்றின் வேகம் புலத்தின் வலிமையை மட்டுமே பொறுத்தது: ஒரு டெஸ்லா புலத்தில் வினாடிக்கு 4 கோடியே 25 லட்சத்துக்கும் சற்று அதிகமான சுற்றுகள், அதாவது 42.58 மெகாஹெர்ட்ஸ். இதே அதிர்வெண் கொண்ட ரேடியோ அலைத் துடிப்பு ஒன்றைச் செலுத்தினால் புரோட்டான்கள் ஆற்றலை ஏற்று நிலை சாய்கின்றன. துடிப்பு நின்றதும் அவை ஒருமித்துச் சுற்றியபடி, மாதிரியைச் சூழ்ந்துள்ள கம்பிச்சுருளில் மெல்லிய மின்னழுத்தத்தைத் தூண்டுகின்றன. அளக்கப்படும் சமிக்ஞை அதுவே.

இந்தச் சமிக்ஞை மிக மெலிந்தது. அறை வெப்பநிலையில் ஒரு டெஸ்லா புலத்தில் புலத்தின் திசையில் நிற்கும் புரோட்டான்களுக்கும் எதிர்த்திசையில் நிற்பவற்றுக்கும் உள்ள வித்தியாசம் பத்து லட்சத்துக்கு மூன்று அல்லது நான்கு. மற்றவை ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடுகின்றன. ஆனாலும் ஒரு கிராம் நீரில் ஏறத்தாழ 6.7×10²² புரோட்டான்கள் இருப்பதால், அந்தச் சிறு மிகுதியே அளவிடப் போதுமானதாகிறது. திண்ம, திரவப் பொருள்களில் இந்த ஒத்ததிர்வை முதன்முதலில் கண்டறிந்தவை 1945 இறுதியிலும் 1946 தொடக்கத்திலும் அமெரிக்காவில் தனித்தனியே இயங்கிய இரண்டு குழுக்கள். ஹார்வர்டில் எட்வர்ட் பர்செல் குழு பாரஃபின் மெழுகில் கண்டது. ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக் குழு நீரில் கண்டது. 1952-ல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மெழுகு, நீர் என அன்று எடுத்துக்கொண்ட இரண்டு பொருள்களிலும் ஹைட்ரஜன் நிறைந்திருந்தது.

சமிக்ஞையின் தொடக்க அளவு ஹைட்ரஜன் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். செங்கல்லிலோ மணற்கல்லிலோ ஹைட்ரஜன் பெரும்பாலும் நீரில்தான் இருக்கிறது; எனவே சமிக்ஞை பாதியானால் நீரும் பாதியானது என்று கொள்ளலாம். தெரிந்த எடையுள்ள நீரை வைத்து ஒருமுறை அளவு திருத்திக்கொண்டால் போதும். மரத்திலும் தானியத்திலும் இவ்வளவு எளிதல்ல; செல்லுலோஸ், மாவுச்சத்து, எண்ணெய் ஆகியவற்றிலும் ஹைட்ரஜன் உண்டு. அங்கே நீரைப் பிரித்தறிய இன்னொரு பண்பு கைகொடுக்கிறது.

அந்தப் பண்பு தளர்வு நேரம். துடிப்பு நின்றபின் புரோட்டான்களின் ஒருமித்த சுற்று நெடுநேரம் நீடிப்பதில்லை. ஒவ்வொன்றும் அண்டைக் காந்தங்களின் தாக்கத்தால் ஒழுங்கு குலைகிறது. ஒழுங்கு குலைய ஆகும் கால அளவு குறுக்குத் தளர்வு நேரம். கிண்ணத்தில் உள்ள தூய நீருக்கு இது இரண்டு மூன்று வினாடிகள். ஒரு நுண்துளைக்குள் அடைபட்ட நீருக்கு மில்லி வினாடிக் கணக்கு. படிகத்தில் வேதிப் பிணைப்பால் கட்டுண்ட நீருக்கும் பனிக்கட்டிக்கும் பத்து மைக்ரோ வினாடி அளவுதான். நீர் எவ்வளவு சுதந்திரமாகத் திரிகிறதோ அவ்வளவு நீண்ட தளர்வு நேரம் என்று பொதுவாகச் சொல்லலாம்.

நுண்துளைக்குள் தளர்வு விரைவுபடக் காரணம் துளையின் சுவர். நீர் மூலக்கூறு விரவி அலைந்து சுவரைத் தொடும்போது, அங்குள்ள காந்தத் தன்மை கொண்ட அயனிகளும் மேற்பரப்பின் பிடிப்பும் அதன் ஒழுங்கைக் குலைக்கின்றன. சிறிய துளையில் மூலக்கூறு அடிக்கடி சுவரைத் தொடும். பெரிய துளையில் அரிதாகத் தொடும். எனவே தளர்வு வேகம் துளையின் பரப்புக்கும் கொள்ளளவுக்கும் உள்ள விகிதத்தைப் பின்பற்றுகிறது. 1979-ல் பிரவுன்ஸ்டைனும் டாரும் இதைக் கணிதமாக எழுதியபின், தளர்வு நேரங்களின் பரவலைப் பார்த்துத் துளை அளவுகளின் பரவலைக் கணக்கிடுவது வழக்கமாயிற்று. உலர்தலில் இதற்குத் தனிப் பயன் உண்டு. துளை நிரம்பியிருக்கும்வரை தளர்வு நேரம் மாறாது. துளையின் நடுப்பகுதி காலியாகி, சுவரை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் மட்டும் எஞ்சும்போது நேரம் சட்டென்று குறைகிறது. நீர் குறைவது மட்டுமின்றி, எந்த அளவுத் துளை முதலில் காலியாகிறது என்பதும் இப்படித் தெரிகிறது.

தளர்வு நேரத்தைப் பிழையின்றி அளக்க எர்வின் ஹான் 1950-ல் கண்ட எதிரொலி உத்தி உதவுகிறது. முதல் துடிப்புக்குப் பின் குறித்த இடைவெளியில் இன்னொரு துடிப்பைக் கொடுத்தால், புலத்தின் சீரின்மையால் சிதறிய புரோட்டான்கள் மீண்டும் ஒருமித்து எதிரொலி போன்ற சமிக்ஞையை எழுப்புகின்றன. கார், பர்செல் இருவரும் 1954-லும், மைபூம், கில் இருவரும் 1958-லும் இதை நூற்றுக்கணக்கான எதிரொலிகளின் தொடராக விரித்தார்கள். எதிரொலிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேயும் வரிசையே தளர்வு வளைகோடு. இன்று சந்தையில் கிடைக்கும் ஈரப்பத ஆய்வுக் கருவிகள் பெரும்பாலும் இந்தத் தொடரையே பயன்படுத்துகின்றன.

இடத்தை அறியும் வழி 1973-ல் கிடைத்தது. காந்தப் புலம் ஒரு முனையில் சற்று வலுவாகவும் மறுமுனையில் சற்று நலிந்தும் இருக்குமாறு சரிவாக அமைத்தால், ஒவ்வொரு இடத்துப் புரோட்டானும் வேறு வேறு அதிர்வெண்ணில் சுற்றும். அதிர்வெண்ணைப் பிரித்துப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும் என்று பால் லாட்டர்பர் காட்டினார். அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மீட்டருக்கு ஒரு டெஸ்லா என்ற சரிவில், ஒரு மில்லி மீட்டர் தள்ளியுள்ள இரண்டு இடங்களின் அதிர்வெண்கள் 42.58 கிலோஹெர்ட்ஸ் வேறுபடும்.

எம்.ஆர்.ஐ. கருவி மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கிறதே, செங்கல்லை அங்கே கொண்டுபோய் வைத்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. உடல் திசுவில் உள்ள நீரின் சமிக்ஞை பல பத்து மில்லி வினாடிகள் நீடிக்கும். அந்தக் கருவிகள் அந்தக் கால அளவுக்கே வடிவமைக்கப்பட்டவை. சுட்ட செங்கல்லின் நுண்துளை நீர் ஒரு மில்லி வினாடிக்கும் குறைவான நேரத்தில் ஒழுங்கிழக்கிறது; கருவி கேட்கத் தொடங்கும் முன்பே சமிக்ஞை ஓய்ந்துவிடும். செங்கல்லுக்குச் சிவப்பு நிறம் தரும் இரும்பு ஆக்சைடு உள்ளூரப் புலத்தையும் சிதைக்கிறது. பொருளாய்வுக்கு மிகக் குறுகிய இடைவெளியில் கேட்கும் மின்னணுவியலும் மிகச் செங்குத்தான புலச்சரிவும் வேண்டும். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பால்கம் குழு 1990-களில் உருவாக்கிய ஒற்றைப் புள்ளிப் படமெடுப்பு முறைகள் கான்கிரீட் போன்ற கடினமான பொருள்களையும் இந்த வழிக்குக் கொண்டுவந்தன.

உலர்தலை இந்த முறையில் நெடுங்காலம் தொடர்ந்து ஆராய்ந்த இடங்களில் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முதன்மையானது. கிளாஸ் கோபிங்கா, லியோ பெல் ஆகியோர் 1990-களின் முதற்பாதியில் கட்டுமானப் பொருள்களுக்கென்றே ஒரு கருவியை அமைத்தார்கள். மாதிரி சில சென்டிமீட்டர் நீளமுள்ள உருளை. பக்கங்களும் அடியும் நீர் புகாதபடி மூடப்பட்டு மேல்முகம் மட்டும் உலர்ந்த காற்றோட்டத்துக்குத் திறந்திருக்கும். அதனால் நீர் ஒரே திசையில்தான் வெளியேற முடியும். மோட்டார் மாதிரியைப் படிப்படியாக மேலும் கீழும் நகர்த்த, மில்லி மீட்டர் அளவு தடிப்புள்ள ஒவ்வொரு அடுக்கிலும் நீர் எவ்வளவு என்று கருவி பதிவு செய்தது. இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. ஈரம் குறையும்போது மாதிரியின் மின்காப்புப் பண்பும் மாறுகிறது. அதனால் கம்பிச்சுருளின் ஒத்திசைவு நழுவி, நீரின் அளவில் பொய்க்கணக்கு காட்டும். சுருளுக்கும் மாதிரிக்கும் இடையே மின்புலத்தைத் தடுக்கும் உறையொன்றை வைத்து அதைச் சரிசெய்தார்கள். அளவீட்டின் நம்பகம் இத்தகைய சிறு ஏற்பாடுகளில்தான் இருக்கிறது.

அப்படிக் கிடைத்த வரைபடங்கள் பாடநூல்களில் உலர்தலின் இரண்டு கட்டங்கள் என்று சொல்லப்படுவதைக் கண்ணுக்குக் காட்டின. முதல் கட்டத்தில் செங்கல்லின் மேலிருந்து அடிவரை ஈரம் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்து, எல்லா ஆழத்திலும் சேர்ந்தே இறங்குகிறது. மேற்பரப்பில் ஆவியாகும் நீரை நுண்புழை விசை உள்ளிருந்து உடனுக்குடன் ஈடுசெய்வதால் மேற்பரப்பு ஈரமாகவே இருக்கிறது. உலரும் வேகத்தை வெளிக்காற்றே தீர்மானிக்கிறது. ஈரம் ஓரளவுக்குக் கீழே போனதும் துளைகளில் நீரின் தொடர்ச்சி அறுபடுகிறது. அப்போது உலர்முனை ஒன்று மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி இறங்கத் தொடங்குகிறது. முனைக்கு மேலே காய்ந்த அடுக்கு, கீழே ஈர அடுக்கு. நீர் இனி முனையிலேயே ஆவியாகி, காய்ந்த துளைகளின் வழியே ஆவியாக விரவித்தான் வெளியேற வேண்டும். உலரும் வேகம் சரிகிறது. முனை ஆழம் போகப்போக இன்னும் சரிகிறது.

இந்த வரைபடங்களிலிருந்து இன்னொரு முக்கிய எண்ணையும் கணக்கிட முடிந்தது: ஈரப் பரவல் கெழு. ஒவ்வொரு நேரத்திலும் ஒவ்வொரு ஆழத்திலும் ஈரம் எவ்வளவு என்று தெரிந்தால், எந்த ஈர அளவில் நீர் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதை நேரடியாகவே கண்டறியலாம். ஈரம் நிறைந்த நிலையில் கெழு மிகப் பெரியது. ஈரம் குறையக் குறைய அது பல மடங்கு சரிந்து ஒரு தாழ்நிலையைத் தொடுகிறது. பிறகு ஈரம் இன்னும் குறையும்போது மீண்டும் ஏறுகிறது. திரவமாக நகர்வது ஏறக்குறைய நின்று, ஆவியாக நகர்வது பொறுப்பேற்கும் இடம் அந்தத் தாழ்நிலை. உலர்தல் பற்றிய கோட்பாடுகள் இதை முன்பே எதிர்பார்த்தவைதான். ஆனால் மொத்த எடையை மட்டும் வைத்து அந்தத் தாழ்நிலையைத் துல்லியமாகக் குறிக்க முடிந்ததில்லை.

நீரில் உப்பு கரைந்திருந்தால் கதை சிக்கலாகிறது; ஆய்வின் பயனும் கூடுகிறது. கடற்கரை ஊர்களின் சுவர்களிலும் நிலத்தடி உவர்நீர் ஏறும் பழைய கட்டடங்களிலும் உப்பு பூப்பது எல்லாரும் கண்டது. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. சுவரின் மேற்பரப்புக்கு நகரும் நீர் உப்பையும் உடன் கொண்டுவந்து அங்கே விட்டுப்போகிறது. ஆனால் உப்புக்கு விரவல் என்ற எதிரியக்கமும் உண்டு. செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு அது திரும்பப் பரவப் பார்க்கும். உலர்தல் வேகமாக இருந்தால் நீரோட்டம் வென்று உப்பு மேற்பரப்பில் குவியும். மெதுவாக இருந்தால் விரவல் வென்று உப்பு சுவர் முழுதும் சமமாகப் பரந்து கிடக்கும். மேற்பரப்பில் படிகமாகும் உப்பைத் துடைத்துவிடலாம். உலர்முனை உள்ளே இறங்கிய பின் படிகமாகும் உப்போ துளைக்குள் வளர்ந்து சுவரைத் தள்ளுகிறது. காரை செதிலாகப் பெயர்வது அதனால்தான்.

சோடியம் கருவும் ஒரு காந்தமே. ஒரு டெஸ்லா புலத்தில் 11.26 மெகாஹெர்ட்ஸில் அது ஒத்ததிர்கிறது. சம எண்ணிக்கைக் கருக்களுக்கு அதன் சமிக்ஞை ஹைட்ரஜனுடையதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆகவே அளக்கப் பொறுமை வேண்டும். ஐந்தோவன் குழு ஒரே மாதிரியில் ஹைட்ரஜனையும் சோடியத்தையும் மாற்றி மாற்றி அளந்து, நீர் எங்கே, கரைந்த உப்பு எங்கே என்ற இரண்டையும் ஒருசேரத் தொடர்ந்தது. படிகமான சோடியம் இந்த அளவீட்டில் தெரிவதில்லை என்பதே ஒரு வசதியாயிற்று: கரைசலின் செறிவு பூரித நிலையைத் தொட்டு அதற்குமேல் ஏறாமல் நிற்கும் இடத்தில் உப்பு படிகமாகத் தொடங்கிவிட்டது என்று பொருள். பழைய சுவர்களிலிருந்து உப்பை எடுக்க ஈரமான களிமண்ணும் காகிதக் கூழும் கலந்த பற்றை மேலே அப்பி உலரவிடும் பழக்கம் ஐரோப்பியப் பாதுகாப்பு வேலைகளில் உண்டு. அந்தப் பற்றின் துளைகள் சுவரின் துளைகளைவிட நுண்ணியவையாக இருந்தால்தான் நுண்புழை விசை நீரையும் உப்பையும் சுவரிலிருந்து வெளியே இழுக்கும். பெரியவையாக இருந்தால் பற்று முதலில் காய்ந்துபோய் உப்பு சுவரிலேயே தங்கிவிடும். எந்தச் சுவருக்கு எந்தப் பற்று என்று முன்கூட்டியே தேர்வு செய்ய இந்த அளவீடுகள் வழிவகுத்தன. பூசுகாரைக்கும் இதே விதி பொருந்தும். பழைய சுண்ணாம்புச் சுவரைப் புதுப்பிப்பவர்கள் வலிமையை மட்டும் பார்த்துக் காரையைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

மரம் இன்னொரு விதம். அதில் நீர் இரண்டு இடங்களில் தங்குகிறது: செல்களின் உட்குழிவில் திரவமாகவும், செல்சுவரின் செல்லுலோஸ் இழைகளோடு பிணைந்தும். காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரையுள்ள நீர் செல்சுவரில் பிணைந்திருக்கும். அதற்குமேல் உள்ளது உட்குழிவு நீர். உட்குழிவு நீர் போகும்வரை மரம் சுருங்குவதில்லை. பிணைந்த நீர் போகத் தொடங்கியதும் சுருக்கமும் முறுக்கமும் வெடிப்பும் வருகின்றன. இரண்டு நீரும் தளர்வு நேரத்தில் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன: பிணைந்த நீருக்குச் சில மில்லி வினாடிகள், உட்குழிவு நீருக்குப் பத்துகள் முதல் நூறுகள் வரை. மர இழையின் சொந்த ஹைட்ரஜனோ பத்துகள் கணக்கான மைக்ரோ வினாடிகளில் ஓய்ந்துவிடுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பகுதியில் மரத்தொழிலுக்குள்ள முக்கியத்துவம் தெரிந்ததே. அங்குள்ள ஆய்வாளர்கள் 1987-ல் இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி, உலரும் மரத்தில் ஒவ்வொரு வகை நீரும் தனித்தனியே குறைவதைப் பின்தொடர்ந்தார்கள்.

பிலிப் குஸ்ஸோ இடம்பெற்ற பிரெஞ்சு ஆய்வுக் குழு 2020-ல் வெளியிட்ட முடிவுகள் இதை மேலும் தெளிவாக்கின. மரத்துக்குள் திரவ நீர் ஏராளமாக இருக்கும்போதே, வெளிமுகத்தை ஒட்டிய செல்களின் உட்குழிவு காலியாகிவிடுகிறது. உள்ளிருக்கும் நீர் வெளியேற வேண்டுமானால் அந்த அடுக்கைச் செல்சுவர் வழியே பிணைந்த நீராகவே கடக்க வேண்டியிருக்கிறது. மரம் எவ்வளவு வேகமாக உலரலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது இந்தக் கடப்பே. வெட்டிய மரம் சட்டென்று காய்ந்து பிளந்துவிடாமல் இருப்பதற்கு இது ஒரு பகுதி விளக்கம்.

சிமென்ட்டில் துளைகள் இன்னும் நுண்ணியவை. நீர் சேர்ந்து இறுகிய சிமென்ட்டின் முதன்மைப் பொருளான கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டின் தாள்களுக்கு இடையே ஒரு நானோ மீட்டர் அளவு இடுக்குகளும், அவற்றைச் சூழ்ந்து சில நானோ மீட்டர் அளவுத் துளைகளும் உள்ளன. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பால் மெக்டொனால்டும் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் கேரன் ஸ்கிரிவெனரும் தம் குழுக்களோடு 20 மெகாஹெர்ட்ஸ் அளவுள்ள சிறு கருவிகளில் இந்த நீர்களைப் பிரித்தளந்தார்கள். தாளிடுக்கு நீருக்கு 100 மைக்ரோ வினாடியை ஒட்டிய தளர்வு நேரம். நுண்துளை நீருக்கு அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. இரும்பு குறைந்த வெள்ளைச் சிமென்ட்டே இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்டது. முதல்முறை உலரும்போது கான்கிரீட் சுருங்குவதில் ஒரு பகுதி, மறுபடி நனைத்தாலும் மீள்வதில்லை என்பது பொறியாளர்கள் அறிந்தது. உலர்ந்தபின் நானோ துளைகளின் அமைப்பே மாறிவிடுவதைத் தளர்வு அளவீடுகள் காட்டுகின்றன.

தீயில் சிக்கும் கான்கிரீட்டும் உலரும் பொருள்தான். மிகக் கொடூரமான வேகத்தில் உலர்கிறது. 1996 நவம்பரில் இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் கால்வாய்ச் சுரங்கத்தில் எரிந்த தீ, கான்கிரீட் உறையைப் பெரும் பரப்பில் செதிலாகப் பெயர்த்தது. சூடேறும் முகத்தில் நீர் கொதித்து ஆவியாகும்போது ஒரு பகுதி ஆவி உள்நோக்கித் தள்ளப்பட்டு, குளிர்ந்த அடுக்கில் மீண்டும் நீராகித் துளைகளை அடைக்கிறது. வெளியேற வழியற்ற ஆவியின் அழுத்தம் ஏறுகிறது. மாதிரியைக் காந்தத்துக்குள்ளேயே சூடாக்கும் கருவியை அமைத்து, கொதிமுனை உள்நோக்கி நகர்வதை ஐந்தோவனில் அளந்தார்கள். முனை இருக்கும் இடம் காந்த ஒத்ததிர்வில் தெரிகிறது. அங்குள்ள வெப்பநிலையை வெப்பமின் இணைகள் தருகின்றன. கொதிமுனையின் வெப்பநிலை 170 டிகிரி என்றால், நீராவி அட்டவணைப்படி அங்கே அழுத்தம் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்தின் எட்டு மடங்கு. சுரங்கக் கான்கிரீட்டில் பாலிப்ரொப்பிலீன் இழைகளைக் கலப்பது, அவை ஏறத்தாழ இந்தச் சூட்டில் உருகி ஆவிக்கு வழிவிடும் என்பதால்தான்.

வண்ணப்பூச்சு, கான்கிரீட்டுக்கு நேரெதிரான அளவு கொண்டது: மொத்தத் தடிப்பே நூறு மைக்ரோ மீட்டரைச் சுற்றித்தான். இதற்கு மிகச் செங்குத்தான புலச்சரிவு வேண்டும். சர்ரேயில் 1990-களின் இறுதியில் உருவான ஒரு நிலைக்காந்தத்தில் சரிவு மீட்டருக்கு 17 டெஸ்லா. பத்து மைக்ரோ மீட்டர் அடுக்குகளைப் பிரித்தறிய அது போதும். நீர் கலந்த எமல்ஷன் பூச்சு உலரும்போது மேல்தோல் முதலில் இறுகி அடிநீரைச் சிறைப்படுத்துகிறதா என்பதை அதில் பார்க்கலாம். ஆல்கைடு எனாமலில் மேலிருந்து நுழையும் ஆக்சிஜன் உண்டாக்கும் இறுக்கம் அடுக்கடுக்காகக் கீழே இறங்குவதையும் இதே வகைக் கருவிகள் காட்டின.

உணவுப் பொருள்களில் இந்த முறை ஆய்வகத்தைத் தாண்டித் தொழிலுக்கே வந்துவிட்டது. எண்ணெய் வித்துகளில் எண்ணெயையும் நீரையும் துடிப்புக் காந்த ஒத்ததிர்வால் ஒரே நேரத்தில் அளப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 10565 என்ற பன்னாட்டுத் தரமே இருக்கிறது. வித்தைப் பிழியவோ பொடிக்கவோ வேண்டியதில்லை. பொதுவாக உலர்ந்த வித்தில் நீர் இறுகப் பிணைந்திருப்பதால் விரைவில் ஓய்கிறது. எண்ணெய் திரவமாக இருப்பதால் மெதுவாக ஓய்கிறது. முன்னும் பின்னுமாக இரண்டு முறை சமிக்ஞையைப் பதிவுசெய்தால் கணக்கு முடிந்தது.

நெல்லில் கேள்வி இடத்தைப் பற்றியது. கொள்முதலுக்கு 17 விழுக்காடு ஈரம் என்ற வரம்பு தஞ்சை, திருவாரூர் விவசாயிகளுக்கு மனப்பாடம். அந்த எண் மணியின் சராசரி. நெல்லைச் சூடான காற்றில் ஒரே மூச்சில் காயவைத்தால் மணியின் வெளிப்புறம் காய்ந்து, நடுவில் ஈரம் தங்கிவிடும். காய்ந்த மணியில் திடீரென்று மழையோ பனியோ பட்டாலும் வெளிப்புறம் விரிந்து நடு பின்தங்கும். இரண்டிலும் மணிக்குள் கீறல் விழுகிறது. ஆலையில் அது நொய்யாக உடைகிறது. ஆலைகள் சூட்டுக் காற்றுக்கு இடையிடையே நெல்லைக் குவித்து ஆறவிடுவது, மணிக்குள் ஈரம் சமமாகட்டும் என்றுதான். ஊறும் அரிசியை ஒத்ததிர்வுப் படமெடுத்தபோது, நீர் எல்லாப் பக்கமும் சமமாக நுழையாமல் கரு இருந்த ஓரம் வழியாகவும் நுண்கீறல்கள் வழியாகவும் முந்தி நுழைவது தெரிந்தது. ஆறவிட எவ்வளவு நேரம் போதும் என்பதை ரகவாரியாக அளந்து சொல்ல இந்த முறை தகுதியானது. நெல் விளையும் நாட்டில் இதற்குச் செலவிடும் பணம் வீணாகாது.

கருவியை மாதிரியிடம் கொண்டுபோகும் வசதி 1996-ல் வந்தது. ஜெர்மனியின் ஆஹன் நகரில் பெர்ன்ஹார்ட் புளூமிஷ் குழு உருவாக்கிய, கையில் எடுத்துச் செல்லத்தக்க ஒருபக்கக் காந்தம், பொருளை உள்ளே வைக்காமல் பொருளின்மேல் வைத்தே அளக்கிறது. 2005-க்குப் பிந்தைய வடிவங்கள் ஓர் அடுக்கை மட்டும் குறிவைத்து, காந்தத்தை நகர்த்தி ஆழவாரியாக அளக்கின்றன. எட்டும் ஆழம் சில மில்லி மீட்டர் முதல் இரண்டரை சென்டிமீட்டர் வரை. இத்தாலியின் சுவரோவியங்களில் ஈரம் எங்கெங்கே தேங்கியிருக்கிறது என்று வண்ணத்துக்குச் சேதமின்றி அறிய இவை பயன்பட்டுள்ளன.

குறைகளும் உண்டு. சமிக்ஞை மெலிந்தது என்பதால் பல முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். மிக வேகமாக உலரும் பொருளில் அதற்குள் ஈரமே மாறிவிடும். வெப்பநிலை ஏறினால் அதே நீர் குறைந்த சமிக்ஞையே தரும் என்பதால் சூட்டோடு அளப்பவர்கள் திருத்தம் செய்தாக வேண்டும். மீக்கடத்திக் காந்தங்களின் விலையும் அவற்றைக் குளிர்விக்கும் திரவ ஹீலியத்தின் செலவும் பெரிது. நிலைக்காந்தக் கருவிகள் மலிவு, ஆனால் புலம் சிறிது. எல்லாவற்றுக்கும் மேலாக, உலோக இரும்பு இருக்கும் இடத்தில் இந்த முறை தோற்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டில் கம்பிக்கு அருகே உள்ள ஈரத்தை அறிய, துளையிட்டுச் செருகும் ஈரப்பத உணரிகளையே பொறியாளர்கள் இன்றும் நம்பியிருக்கிறார்கள்.